பெரட்டு முதல் வீடு திரும்பும் வரை: வேலைக்குப் போகிறவருக்கான பிரெஞ்சு

"பத்தாங் பெர்ஜுந்தைக்காரனுக்கு எதுக்குடா பிரெஞ்சு?" என்று மாமா கேட்டார். ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வருடங்கள் ஆகிவிட்டன. அவருக்கு மட்டும் இன்னும் பெர்ஜுந்தைதான்.

அவர் கேட்டது நியாயம். ஆனால் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் தென்னமரம் தோட்டத்தில், 1917-ல், மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டவர் ஆன்ரி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தமிழ், துரையின் மொழி பிரெஞ்சு. இன்றைக்குச் செம்பனை வேலை தெரிந்த நம் ஆட்களை மேற்கு ஆப்பிரிக்கப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள். ஐவரி கோஸ்ட், காபோன் இரண்டிலும் ஆட்சி மொழி பிரெஞ்சு. கேமரூனில் ஆங்கிலமும் உண்டு என்றாலும் பெரும்பகுதி பிரெஞ்சுதான். செம்பனை மரமே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான், 1848-ல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகள் வழியாக.

நான் ஐவரி கோஸ்ட்டில் ஓர் எண்ணெய் மில்லில் இரண்டு வருடம் ஷிப்ட் பார்த்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் வீட்டுக்கு வருகிறார்கள், போவதற்கு முன்னால் கொஞ்சம் பேசிப் பழக. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவது வாய்க்குப் பிடிபடத்தான். எழுத்துக்கூட்டலை அகராதியிலிருந்து உங்கள் நோட்டில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், எழுதுவதும் சொல்வதும் அங்கே வேறு வேறு.

முதலில் ஒரு நோட்டு

இலக்கணப் புத்தகத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கி, இன்று காலையிலிருந்து வேலை முடியும் வரை நீங்கள் உண்மையில் பேசியதைத் தமிழிலோ மலாயிலோ எழுதுங்கள். "வணக்கம் மண்டோர்." "பசியாறியாச்சா?" "சாவி எங்கே?" "பம்ப் ஓடல." "லாரி வந்தாச்சா?" "சரி." "நாளைக்குப் பார்ப்போம்." முப்பது வாக்கியம் தேறினால் அதிகம். தினமும் அந்த முப்பதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பாடத்திட்டம் அதுதான். ஹோட்டலில் அறை கேட்பது, மியூசியத்துக்கு வழி கேட்பது எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு.

மூக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது

பிரெஞ்சு என்றாலே மூக்கால் பேச வேண்டும் என்று பயப்படுகிறார்கள். பேச்சுத் தமிழில் நாம் நாள் முழுக்க மூக்கால்தான் பேசுகிறோம். "பணம் இல்ல" என்று அம்மா சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். "பணம்" என்பதில் உதடு மூடுகிறதா? மூடாது. கடைசியில் ஓர் "ஒ" மூக்கு வழியாகப் போய் நின்றுவிடும். "போன்ஜூர்" என்பதன் முதல் பாதி அந்த ஒலிதான். "வந்தான்" என்று வேகமாகச் சொல்லும்போது வரும் கடைசி ஒலி இன்னொன்று, "வந்தேன்" என்பதன் கடைசி ஒலி மூன்றாவது. பிரெஞ்சின் முக்கியமான மூன்று மூக்கொலிகளுக்கும் இவை மிக நெருக்கம். எனவே இந்தக் கட்டுரையில் பிரெஞ்சுச் சொல்லின் அசை ஒன்று "ன்" என்று முடிந்தால், பெரும்பாலும் நாக்கை மேலே ஒட்டாமல் "பணம்" போல மூக்கிலேயே விட்டுவிடுங்கள். விதிவிலக்கு வருகிற இடத்தில் சொல்கிறேன்.

"ர" வேறு மாதிரி, தொண்டையில் உரசும். கெடா பக்கத்து மலாய்க்காரர்கள் "ரொட்டி" சொல்வதைக் கேட்டவர்களுக்கு அது புதிதில்லை. "யூ" என்று நான் எழுதும் இடங்களில் வாய்க்குள் "ஈ" சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் விசில் அடிப்பதுபோல் குவியுங்கள். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்றால் வந்துவிடும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சொற்களின் கடைசி மெய்யெழுத்தைப் பல நேரம் விழுங்கிவிடுவார்கள். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் விழுங்கியது திரும்ப வரும். "வூ" என்றால் நீங்கள், "ஆவே" என்றால் வைத்திருக்கிறீர்கள். சேர்த்துச் சொன்னால் "வூஸாவே". தமிழ்ப்பள்ளியில் புணர்ச்சி படித்தவர்கள் இதற்கு மலைக்க வேண்டியதில்லை.

போன்ஜூர் சொல்லாமல் வாயைத் திறக்காதீர்கள்

இதை நான் கற்றுக்கொண்டது வாசல் காவலரிடம். முதல் நாள், கையில் கடிதத்தோடு போய், மனப்பாடம் செய்துவைத்திருந்ததை நேராகக் கேட்டேன்: "ஊ ஏ ல் ப்யூரோ?" அலுவலகம் எங்கே? அவர் என்னைப் பார்த்தார். "போன்ஜூர்" என்றார். நான் சத்தம் பத்தவில்லையோ என்று இன்னும் உரக்கக் கேட்டேன். திரும்பவும், முன்னைவிட மெதுவாக, "போன்ஜூர்". பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது, எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் நானும் "போன்ஜூர்" என்றேன். உடனே முகம் மலர்ந்து, கையைக் குலுக்கி, அலுவலகம் வரை கூடவே நடந்து வந்து விட்டுப் போனார்.

மொழி தெரியாததை அவர் பொறுத்துக்கொண்டார், வணக்கம் சொல்லாததைப் பொறுக்கவில்லை. கடையில், கிளினிக்கில், போனில் எங்கேயும் இதே கதைதான். காலையில் மில்லுக்குள் நுழைந்தால் அங்கே நிற்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுக்க வேண்டும். எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேருக்கும். கை எண்ணெயாக இருந்தால் மணிக்கட்டை நீட்டுவார்கள், அதைத் தொட்டால் போதும்.

வழக்கமான பேச்சு இப்படிப் போகும்:

"போன்ஜூர். ஸா வா?" வணக்கம், நல்லா இருக்கீங்களா?
"ஸா வா, மெர்ஸி. ஏ வூ?" நல்லா இருக்கேன், நன்றி. நீங்க?
"ஏ லா ஃபாமீய்?" வீட்டில் எல்லாரும்?

மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் "வீட்டுல எல்லாரும் சொகமா?" என்று கேட்பதுபோல அங்கேயும் குடும்பத்தை விசாரிப்பது மரியாதை. மத்தியானம் திரும்பிவிட்டால் "போன்ஸ்வார்". பாரிஸில் சாயங்காலம்தான் சொல்வார்களாம், மேற்கு ஆப்பிரிக்காவில் பன்னிரண்டு மணி தாண்டியதுமே தொடங்கிவிடும். அதே ஆளை அதே நாளில் மறுபடி பார்த்தால் இன்னொரு "போன்ஜூர்" வேண்டாம், "ர்போன்ஜூர்" என்று சிரித்துவிட்டுப் போகலாம்.

நீயா, நீங்களா

ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். நமக்கு ஒரு நிமிடம்தான். "த்யூ" என்றால் நீ, "வூ" என்றால் நீங்கள். பலரைச் சேர்த்துச் சொல்லவும் "வூ"தான். வேலையிடத்தில் எல்லாரிடமும் "வூ" என்றே தொடங்குங்கள், உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடமும்தான். பழகின பிறகு அவர்களே "ஓன் ப ஸ் த்யூத்வாயே" என்பார்கள், நீ, வா, போ என்றே பேசிக்கொள்ளலாம் என்று அர்த்தம். அதுவரை காத்திருங்கள்.

முறை வைத்துக் கூப்பிடுவதும் உண்டு. அப்பா வயதுக்காரரைத் "தோன்தோன்" என்பார்கள், மாமா, சித்தப்பா எல்லாம் அதில் அடக்கம். சாப்பாட்டுக் கடை அம்மாவை "தான்தி". பேர் சொல்லிக் கூப்பிடத் தயங்கும் நமக்கு இது பெரிய நிம்மதி. குழுவை மேய்க்கிற ஆள், அதாவது நம் மண்டோர், "ஷெஃப் தேகீப்". சும்மா "ஷெஃப்" என்றாலே போதும். சமையல்காரர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தலைவர் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

மணி, கிழமை, காசு

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அங்கே "ஆப்பெல்". பேர் கூப்பிட்டால் "ப்ரேஸான்". எத்தனை மணிக்கு என்பதில்தான் குழப்பம் வரும், வர வேண்டியதே இல்லை. ஏழு மணி "ஸெத்தெர்". ஏழரை "ஸெத்தெர் ஏ த்மீ", அதாவது ஏழும் அரையும், நம் ஏழரை அப்படியே. ஏழே கால் "ஸெத்தெர் ஏ கார்". ஏழே முக்காலுக்கு மட்டும் எட்டிலிருந்து காலைக் கழிப்பார்கள்: "வீத்தெர் ம்வேன் ல் கார்". வேலை அட்டவணையில் 24 மணிக் கணக்குதான், மத்தியானம் இரண்டு என்றால் 14.

கிழமைகளில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. "லன்தி" திங்கள், சந்திரனின் நாள். "மார்தி" செவ்வாய்க் கிரகத்தின் நாள். "மெர்க்ர்தி" புதன், "ஜதி" வியாழன், "வான்த்ர்தி" வெள்ளி. ஐந்தும் கிரகத்துக்குக் கிரகம் நம்மோடு ஒத்துப்போகின்றன. "ஸாம்தி", "திமான்ஷ்" இரண்டும் மத வழியில் வந்த பெயர்கள், அவற்றை மட்டும் தனியாக மனப்பாடம் செய்தால் போதும்.

எண்களில் 69 வரை ஒழுங்காகப் போகும். அப்புறம் 70 என்பது "ஸ்வாஸான்த்-தீஸ்", அறுபது-பத்து. 80 "காத்ர்-வேன்", நாலு இருபது. 90 "காத்ர்-வேன்-தீஸ்", நாலு இருபதும் பத்தும். சிரிப்பு வந்தால் ஒன்பதை வைத்துக்கொண்டு நூறைத் தொட்டுத் "தொண்ணூறு" என்று நாம் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி எடைச் சீட்டை உரக்கப் படித்துப் பழகுவதுதான் இதற்கு வழி. காசு "ஸேஃபா" பிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிவைத்த மதிப்பு. ஐவரி கோஸ்ட் நோட்டுக்கும் கேமரூன், காபோன் நோட்டுக்கும் மதிப்பு ஒன்றுதான், ஆனால் இந்த நோட்டு அந்த ஊர்க் கடையில் செல்லாது.

தோட்டத்துச் சொற்கள்

புத்தகத்தில் கிடைக்காத பகுதி இது. செம்பனை "பால்ம்யே ஆ வீல்". எண்ணெய் மில் "வீல்ரீ", பொதுவாகத் தொழிற்சாலை "யூஸீன்" (இதில் கடைசி "ன்" தமிழ் "ன்" போலவே முழுசாக ஒலிக்கும்). பாய்லர் "ஷோத்யேர்", நீராவி "வாபெர்". லாரியை ஏற்றி நிறுக்கும் மேடை "போன் பாஸ்க்யூல்". அருவாள் "ஃபோஸீய்". நாற்றுப்பண்ணை "பேப்பின்யேர்" (இதிலும் முழு "ன்"). சாமான் எடுக்கும் ஸ்டோர் "மாகாஸேன்", கடைக்கும் அதே சொல்.

பழக்குலைக்கு "ரேஜீம்". இந்தச் சொல்லுக்கு ஆட்சி என்றும் பத்தியச் சாப்பாடு என்றும் வேறு பொருள்கள் உண்டு. செய்தியில் "ரேஜீம் கவிழ்ந்தது" என்று கேட்டு எங்கே லாரி கவிழ்ந்தது என்று விசாரித்தவன் நான்.

ஆனால் என்னை நிறுத்திவைத்தது ரப்பர்ப் பக்கத்துச் சொல்தான். ஆப்பிரிக்காவில் அதிகம் ரப்பர் எடுப்பது ஐவரி கோஸ்ட், அதனால் மில்லைத் தாண்டினால் பால்மரக் காடு. நாம் பால் வெட்டு என்கிறோம். அவர்கள் "ஸேன்யே" (இந்த "ன்ய" நம் "ஞ" போல) என்கிறார்கள், இரத்தம் வடியவிடுவது என்று பொருள். நமக்குப் பால், அவர்களுக்கு இரத்தம். பால் வெட்டுகிறவர் "ஸேன்யெர்". எழுத்தில் ஒன்றிரண்டு வித்தியாசத்தோடு, காதுக்கு அச்சு அசலாக அதே ஒலியில் இன்னொரு சொல் இருக்கிறது, அதற்குப் பிரபு, ஆண்டவன் என்று பொருள். என் பாட்டி முப்பது வருடம் பால் வெட்டியவர். இதைச் சொன்னபோது, "ஆமா, விடியக்காலை நாலு மணிக்கு எழுந்திரிச்ச ஆண்டவன்" என்றார்.

"பா" வரும் வரை கையை வைக்காதீர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தரம் படியுங்கள்.

புத்தகத்தில் மறுப்புக்கு இரண்டு சொல் இருக்கும். வினைக்கு முன்னால் "ந", பின்னால் "பா". பேச்சில் அந்த "ந" காணாமல் போய்விடும். மிச்சம் இருப்பது வால் மட்டும். "ஃபெர்மே" என்றால் மூடுங்கள். "ஃபெர்மே பா" என்றால் மூடாதீங்க.

மூன்றாவது வாரம், ராத்திரி ஷிப்ட். பழம் பிழியும் பிரஸ் பக்கம் நீராவி வால்வில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். மேலே தட்டிலிருந்து ஒருவர் கத்தினார். இயந்திர இரைச்சலில் என் காதில் விழுந்தது "ஃபெர்மே". நான் "தாக்கோர்!" என்று திருப்பிக் கத்திவிட்டு மூடினேன். அவர் சொன்னது "ஃபெர்மே பா ஆன்கோர்", இன்னும் மூடாதீங்க. உள்ளே இருந்த பழம் ஆறிப்போய், திரும்பச் சூடேற்றும் வரை பிரஸ் நின்றது. யாருக்கும் அடியில்லை, அது அதிர்ஷ்டம்.

தப்பு இரண்டு. ஒன்று, வாலைக் கேட்காதது. தமிழில் "மூடு", "மூடாதே" இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும், வித்தியாசம் கடைசியில் வரும். கடைசி வரை காத்திருக்கத் தெரிந்த காது நமக்கு இருக்கிறது, பயன்படுத்தினால் போதும். இரண்டாவது தப்பு அந்த "தாக்கோர்". அது நம் "சரி". புரியாவிட்டாலும் "சரி சரி" என்று தலையாட்டுகிற பழக்கத்தை விமானத்தில் ஏறும் முன் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். அதற்குப் பதிலாக இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்ல வேண்டும்:

"ஜ் நே பா கோன்ப்ரீ." எனக்குப் புரியவில்லை.
"வூ பூவே ரேபேத்தே, ஸீல் வூ ப்லே?" தயவுசெய்து திரும்பச் சொல்கிறீர்களா?
"ப்ல்யூ லான்த்மான்." இன்னும் மெதுவாக.

எத்தனை தரம் கேட்டாலும் யாரும் கோபித்ததில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் உதவும் வேறு சில: "ஆத்தான்ஸ்யோன்!" ஜாக்கிரதை. "ஆரேத்தே!" நிறுத்துங்கள். "ஏ தான் பான்", ஓடவில்லை, கெட்டுப்போயிற்று (இந்தப் "பான்" முழு "ன்"). "ஈல்யா யூன் ஃப்வீத்", எங்கோ ஒழுகுகிறது ("யூன்" என்பதிலும் முழு "ன்"). "தாங்ஜே" என்று எழுதிய பலகையைக் கண்டால் ஆங்கிலத்திலும் அதே எழுத்துதான், ஆபத்து.

சாப்பாடு, லேட்டு, லீவு

நம் ஒட்டுக்கடைக்கு அங்கே "மாக்கி" என்று பெயர். மரவள்ளியில் செய்த "ஆச்செக்கே", பொரித்த வாழைப்பழமான "ஆலோக்கோ" இரண்டும் நம் நாக்குக்கு ஒத்துவரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் "ஜ் மான்ஜ் பா த பெஃப்" என்று சொல்லிவிடுங்கள், இங்கேயும் அதே "பா". விலை கேட்க "ஸே கோன்ப்யேன்?" போதும்.

லேட்டானால் "எக்ஸ்க்யூஸே ம்வா, ஜ் ஸ்வீ ஆன் ர்தார்". உடம்பு சரியில்லை என்றால் "ஜ் ஸ்வீ மாலாத்". தலைவலி "ஜே மால் ஆ லா தெத்". யாரையாவது போனில் கூப்பிட்டு "ஜாரீவ்" என்று பதில் வந்தால் வந்துகொண்டே இருக்கிறேன் என்று அர்த்தம். நம் ஊரில் "தோ வந்துட்டேன்" என்பவர் எங்கே இருப்பாரோ அவரும் அங்கேதான் இருப்பார், இன்னும் குளியலறையில்.

யாருக்காவது அடிபட்டாலோ துக்கம் என்றாலோ ஐவரி கோஸ்ட்டில் "யாக்கோ" என்பார்கள். அது பிரெஞ்சு இல்லை, உள்ளூர்ச் சொல். அதைச் சொன்ன அன்றுதான் என்னை அவர்கள் வெளியாள் கணக்கிலிருந்து எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். வேலை முடிவதற்கு "தேஸான்த்", இறக்கம். "எத்தனை மணிக்கு இறங்குகிறாய்?" என்றால் ஷிப்ட் எப்போது முடிகிறது என்று கேட்கிறார்கள். கிளம்பும்போது "ஆ த்மேன்", நாளைக்குப் பார்ப்போம். இருக்கிறவர்களுக்கு "போன் கூராஜ்", தைரியமாகச் செய்யுங்கள் என்பதுபோல.

பெர்ஜுந்தையில் இருந்தபடியே பழகுவது

கோலாலம்பூரில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் வகுப்புகள் நடத்துகிறது. முடிந்தால் சேருங்கள், சான்றிதழ் வேண்டுமானால் டெல்ஃப் தேர்வின் ஏ1 நிலைதான் முதல் வாசல். ஆனால் ஷிப்டில் இருப்பவர்கள் வாரா வாரம் அவ்வளவு தூரம் போய் வருவது கஷ்டம். வீட்டிலிருந்தே செய்ய, பிரான்ஸின் ஆர்எஃப்ஐ வானொலி பிரெஞ்சு கற்பவர்களுக்கென்றே எளிய பிரெஞ்சில் ஒரு செய்தி அறிக்கை தருகிறது, கைப்பேசியில் கேட்கலாம். முதல் மாதம் ஒன்றும் புரியாது. புரிய வேண்டாம், "பா" எத்தனை தரம் வருகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது முன்னால் போகும் காடியின் நம்பரைப் பிரெஞ்சில் சொல்லுங்கள். கூட ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஞாயிறு கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: தே தாரிக் வேண்டும் என்றால் பிரெஞ்சில்தான் கேட்க வேண்டும், கேட்பதற்கு முன்னால் "போன்ஜூர்" சொல்ல வேண்டும். சொல்லாமல் கேட்டால் என் மனைவி அந்தக் காவலர் மாதிரியே நின்று பார்ப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் அதுதான்.

புலனத்தில் ஒருவருக்கொருவர் குரல்பதிவு அனுப்பிக்கொள்வதும் நல்ல பழக்கம். எழுதி அனுப்பாதீர்கள், வாய்தான் வேலை செய்ய வேண்டும். இருபது நிமிடம், தினமும், மூன்று மாதம். அந்த நோட்டின் முப்பது வாக்கியம் நோட்டைப் பார்க்காமல் வந்துவிடும்.

போய் இறங்கிய முதல் நாள் ஆளுக்கு ஆள் "போன்-ஆரீவே" என்பார்கள். நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களே, வாங்க என்று பொருள். இந்த "போன்" மூக்கில் போகாது, "ன்" முழுசாகக் கேட்கும். பதிலுக்கு நீளமாக எதையும் தேட வேண்டாம். கையைக் கொடுத்து, "மெர்ஸி".